சங்கு ஊதினால் கேட்கும் காது

1672இல் வெளியான ஒரு லத்தீன் மருத்துவ நூலில் விசித்திரமான ஒரு பெண்மணி வருகிறார். நூலை எழுதியவர் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ். நம்பத்தகுந்த ஒருவர் தம்மிடம் சொன்னதாக அவர் எழுதிவைத்த கதை இது. அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது. ஆனால் அறைக்குள் யாராவது முரசு அடித்துக்கொண்டிருந்தால், பேசுவதெல்லாம் அட்சரம் பிசகாமல் கேட்கும். முரசு நின்றால் கேட்பதும் நின்றுவிடும். கணவர் யோசித்துப் பார்த்தார். முரசு அடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். மனைவியோடு நாலு வார்த்தை பேசவேண்டுமென்றால் முதலில் முரசுக்காரரைக் கூப்பிடவேண்டும்.

இரைச்சலில் நமக்கெல்லாம் கேட்பது குறையும். இவருக்கு மட்டும் ஏன் கூடியது? இதற்கு மருத்துவர்கள் வில்லிஸின் பெயரையே வைத்தார்கள். விடை தெரிய வெகுகாலம் பிடித்தது.

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. எவ்வளவு ஊதினாலும் பயனில்லை என்று பொருள். காது கேளாதவர்களில் ஒரு பெரும் பிரிவினரிடம் இந்தப் பழமொழி பலிக்காது. பக்கத்தில் நின்று சங்கு ஊதினால் அவர்களுக்கு நன்றாகவே கேட்கும். ஏனென்றால் அவர்களுடைய கேட்கும் உறுப்பில் கோளாறே இல்லை. அதற்குப் போகும் வழியில்தான் அடைப்பு. கடத்தல் வகைக் கேட்புக் குறைபாடு என்று இதற்குப் பெயர். இன்னொன்று நரம்பு வகை: அதில் வழி திறந்திருக்கும், உள்ளே நத்தைக்கூடு என்னும் கேட்கும் உறுப்பிலோ அதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிலோ பழுது இருக்கும். முதல் வகையைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் காது மருத்துவர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, 'இது வழியில் கோளாறா, ஊரில் கோளாறா' என்பது.

வழி என்று எதைச் சொல்கிறோம்? காது மடலிலிருந்து உள்ளே போகும் துவாரம் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் முடிவில் செவிப்பறை, கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு சவ்வு. அதற்கு அப்பால் காற்று நிரம்பிய நடுச்செவி. அங்கே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. கடைசி எலும்பான அங்கவடி, குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம் போலவே இருக்கும். உயரம் சுமார் மூன்று மில்லிமீட்டர். நம் உடம்பில் அதைவிடச் சிறிய எலும்பு கிடையாது. அதன் அடித்தகடு உட்செவியின் வாசலில் பொருந்தியிருக்கிறது.

இத்தனை ஏற்பாடு எதற்கு? உட்செவிக்குள் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நீரின்மேல் மோதினால் அதன் ஆற்றலில் 99.9 சதவீதம் திரும்பிப் போய்விடும். குளத்தில் முங்கிக் கிடப்பவனுக்குக் கரையில் நிற்பவர் கத்துவது சரியாகக் கேட்காததும் இதனால்தான். இந்த இழப்பை நடுச்செவி ஈடுகட்டுகிறது. செவிப்பறையின் அதிரும் பரப்பு அங்கவடியின் அடித்தகட்டைவிட ஏறத்தாழ 17 மடங்கு பெரியது. அகன்ற பரப்பில் வாங்கிய விசையைக் குறுகிய பரப்பில் குவிக்கிறது. ஆணியின் தலையில் அடிப்பது முனையில் இறங்குகிறதே, அந்தக் கணக்கு. எலும்புகள் நெம்புகோலாக இயங்குவதில் இன்னும் 1.3 மடங்கு கூடுகிறது. ஆக, அழுத்தம் சுமார் 22 மடங்காகி உள்ளே போகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும், இறுகினாலும், வாசலே அடைபட்டாலும் கேட்பது குறையும்.

வழி முழுக்க அறுந்தாலும் இழப்பு பெரும்பாலும் 60 டெசிபலைத் தாண்டுவதில்லை. அதற்கு மேற்பட்ட ஒலி மண்டையோட்டையே அதிரவைத்து, எலும்பு வழியாக நத்தைக்கூட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சங்கு கேட்பதன் இரகசியம் இதுதான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே ஒரு காதை விரலால் அடையுங்கள். அடைத்த காதில் சத்தம் குறைய வேண்டும் அல்லவா? மாறாக, முனகல் முழுவதும் அந்தக் காதுக்கே ஓடிவந்துவிடும். எலும்பு வழியாக வந்த ஒலிக்கு வெளியேற வாசல் இல்லை; வெளிச் சத்தமும் குறுக்கே வருவதில்லை. எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர் என்ற ஜெர்மானியர் 1834இல் இதைப் பதிவுசெய்தார். இன்றும் காது மருத்துவர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்து, "எந்தப் பக்கம் கேக்குது?" என்று கேட்கிறார். கேட்காத காதுப் பக்கமே சத்தம் சாய்ந்தால் அடைப்பு வழியில். நல்ல காதுப் பக்கம் சாய்ந்தால் பழுது நரம்பில்.

அடுத்தது 1855இல் ஹைன்ரிஷ் அடால்ஃப் ரின்னே சொன்ன சோதனை. வினாடிக்கு 512 முறை அதிரும் கவையைத் தட்டி, காதுக்குப் பின்னால் மேடாகத் தட்டுப்படும் எலும்பில் அதன் அடியை வைக்கிறார் மருத்துவர். "சத்தம் நின்னதும் சொல்லுங்க." நின்றது என்றதும் கவையைக் காதுக்கு முன்னால் பிடிக்கிறார். நல்ல காதுக்கு இன்னும் சில வினாடிகள் கேட்கும், ஏனென்றால் காற்றுவழிதான் திறமையான வழி. கடத்தல் கோளாறு இருந்தால் ஒன்றுமே கேட்காது, எலும்பு ஜெயித்துவிடும். மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு நிமிடத்தில் பாதி நோயறிதல் முடிந்தது.

இனி அடைப்புகளுக்கு வருவோம். மிகச் சாதாரணமானதிலிருந்து தொடங்கலாம்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகிவிட்டு வந்தவருக்குத் திடீரென்று ஒரு காது 'கும்' என்று அடைத்துக்கொள்கிறது. தலையை ஆட்டிப் பார்க்கிறார், ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கிறார், தண்ணீர் வரவில்லை. உண்மையில் உள்ளே இருப்பது தண்ணீர் அல்ல, குறும்பி. பல மாதங்களாகச் சேர்ந்திருந்த குறும்பியில் ஊசிமுனை அளவு இடைவெளி இருக்கும்வரை ஒலி நுழைந்துகொண்டுதான் இருந்தது. தலைக்கு ஊற்றிய தண்ணீர் பட்டதும் குறும்பி ஊறி உப்பி அந்தக் கடைசி இடுக்கையும் மூடிவிட்டது.

குறும்பி அழுக்கு அல்ல. காதுத் துவாரத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பகுதியில் மட்டும் உள்ள சுரப்பிகள் சுரக்கும் மெழுகும், உதிர்ந்த தோலும் கலந்தது அது. தூசியைப் பிடிக்கும், தோலை நனையாமல் காக்கும், கிருமி வளர்வதைத் தடுக்கும். வெளியேறவும் அதற்கு வழி தெரியும். செவிப்பறையின் நடுவில் முளைக்கும் தோல் வாசலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஏறத்தாழ விரல்நகம் வளரும் வேகத்தில். மெல்லும்போது தாடை அசைவதும் இதற்கு உதவும். ஆகவே செவிப்பறையோடு ஒட்டிக் குறும்பி கிடக்கிறதென்றால் அது தானாக அங்கே போகவில்லை. யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள். பஞ்சுக்குச்சி, ஹேர்பின், தீக்குச்சி, வண்டிச் சாவி, கோழி இறகு என்று காது குடையும் ஆயுதங்களுக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை.

எல்லோருடைய குறும்பியும் ஒன்றுபோல் இருப்பதுமில்லை. நமக்குப் பெரும்பாலும் பிசுபிசுப்பான ஈரக் குறும்பி. கிழக்கு ஆசியர்களுக்குப் பெரும்பாலும் பொடிப்பொடியாக உதிரும் உலர்ந்த குறும்பி. ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் காரணம் என்று 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

இறுகிய குறும்பியை மருத்துவர் சொட்டு மருந்தால் இளக்கி, உறிஞ்சியோ தண்ணீர் பீய்ச்சியோ எடுப்பார். பீய்ச்சும் தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும். குளிர்ந்தோ கொதித்தோ இருந்தால் பக்கத்திலிருக்கும் சமநிலை உறுப்பு குழம்பி, உட்கார்ந்திருப்பவருக்கு அறையே சுற்றும்.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போவதெல்லாம் குறும்பி அல்ல. நரம்பு வகைக் குறைபாடும் ஒரே இரவில் வரலாம், காது அடைத்தாற்போலவே இருக்கும். அதற்கு முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால்தான் பலன் அதிகம். முனகிப் பார்க்கும்போது சத்தம் நல்ல காதுப் பக்கம் சாய்ந்தால், 'தண்ணி போயிருக்கும், தானா சரியாகும்' என்று ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது; அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நம் ஊர்களில் அடுத்த அடைப்பு பூஞ்சை. காதில் எண்ணெய் விடும் பழக்கமும், குடைந்து புண்ணாக்கும் பழக்கமும் அதற்கு நல்ல விளைநிலம் தயார்செய்து கொடுக்கின்றன. தாங்க முடியாத அரிப்பு, வலி, அடைப்பு மூன்றும் சேர்ந்து வரும். உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு திரள். அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். வெங்காயத்தில் படரும் கரும்பூஞ்சையின் இனம்தான் அது. சுத்தம் செய்து பூஞ்சைக்கொல்லி மருந்திட்டால் போய்விடும். ஆனால் பலர் அரிப்புக்கு மறுபடி எண்ணெயே விடுகிறார்கள்.

குழந்தைகளின் காதில் பட்டாணி, பாசிமணி, புளியங்கொட்டை எல்லாம் குடியேறும். விதைக்குத் தண்ணீர் விட்டால் ஊறிப் பெருத்து இறுகிவிடும். உயிருள்ள பூச்சிக்கு மட்டும் எண்ணெய் விட்டு அதன் துடிப்பை முதலில் அடக்கலாம். பொத்தான் பேட்டரியானால் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். சில மணி நேரத்தில் தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

செவிப்பறையில் ஓட்டை விழுவது அடுத்த ரகம். காதோடு சேர்த்து ஓர் அறை, பக்கத்தில் வெடித்த அணுகுண்டுப் பட்டாசு, ஆழமாகப் போன பஞ்சுக்குச்சி, சீழ்பிடித்த சளி: எதுவும் போதும். அறையில் என்ன நடக்கிறதென்றால், உள்ளங்கை வாசலை மூடிக்கொண்டு, துவாரத்துக்குள் இருக்கும் காற்றையே ஆப்பாக்கிப் பறைமேல் அடிக்கிறது. புதிதாக விழுந்த சிறு கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். அதுவரை காது நனையாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். மூடாத ஓட்டைக்கு ஒட்டுப்போடும் அறுவை சிகிச்சையை 1950களில் ஜெர்மனியின் சோல்னரும் வுல்ஸ்டைனும் முறைப்படுத்தினார்கள். காதுக்குச் சற்று மேலே பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து துண்டு ஒன்றை எடுத்து, ஓட்டைக்கு அடியில் விரித்துவைப்பது இன்றைய வழக்கம். கிழிந்த பறைக்குத் தோல் போடும் அதே வேலை, நுண்ணோக்கியின் கீழ்.

சில சமயம் பறையில் ஓட்டையும் இருக்காது, வெளியே அடைப்பும் இருக்காது. வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி. ஆசிரியர் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் டிவியைச் சத்தமாக வைக்கிறாள். 'கவனம் பத்தாது', 'திமிர்' என்று பெயர் வாங்கியாயிற்று. அவளுடைய நடுச்செவியில் காற்றுக்குப் பதில் பசைபோன்ற நீர் தேங்கியிருக்கலாம். வலியோ காய்ச்சலோ இருக்காது, அவளுக்கே தெரியாது.

நடுச்செவிக்குக் காற்று வருவது மூக்கின் பின்புறத்திலிருந்து போகும் ஒரு குழல் வழியாக. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது நொடிப்பொழுது திறந்து மூடும். விமானம் இறங்கும்போது மிட்டாய் சப்பினால் காதடைப்பு விலகுவது அதனால்தான். பெரியவர்களுக்கு அந்தக் குழல் நீளமானது, சரிவானது. சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையானது, படுக்கைவாட்டமானது. பக்கத்திலேயே அடினாய்டு சதை வேறு வீங்கி நிற்கும். குழல் அடைபட்டால் உள்ளே இருக்கும் காற்று உறிஞ்சப்பட்டு, அந்த இடத்தில் நீர் ஊறுகிறது. பள்ளி வயதை எட்டுமுன் பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேருக்காவது ஒருமுறை இது வந்துபோகிறது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். வற்றாமல் கேட்பது குறைந்தே இருந்தால், செவிப்பறையில் நுண்ணிய கீறலிட்டு அதில் ஒரு குட்டிக் குழாயைப் பொருத்துவார்கள். அமெரிக்காவின் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் 1954இல் இதற்குப் பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்தத் தொடங்கினார். மூக்கு வழியாக வரவேண்டிய காற்று இந்தச் சாளரம் வழியாக வரும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் குழாய் தானாகவே உதிர்ந்து, குறும்பியோடு குறும்பியாக வெளியே வந்துவிடும்.

நீர் தேங்குவது அமைதியான தொல்லை. சீழ் வடிவது அப்படியல்ல. 'காதுல சீ வடியுது' என்று நம் ஊரில் மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பஞ்சைத் திணித்துக்கொண்டு போவார்கள். நாட்பட்ட சீழ்க்காது உள்ளவர்கள் உலகில் ஆறரைக் கோடியிலிருந்து 33 கோடிவரை இருக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2004இல் கணக்கிட்டது. மக்கள்தொகையில் நாலு சதவீதத்துக்குமேல் இந்நோய் காணப்படும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது.

இதில் இரண்டு வகை உண்டு. ஏராளமாக, சளிபோல் இழுபட்டு, அதிகம் நாற்றமில்லாமல் வடிந்தால் பெரும்பாலும் ஆபத்துக் குறைந்த வகை. கொஞ்சமாகத்தான் வருகிறது, ஆனால் முகம் சுளிக்கவைக்கும் நாற்றம் என்றால் கவனிக்கவேண்டும். அங்கே செவிப்பறையின் மேல் மூலை உள்வாங்கிப் பையாகி, வெளியேற வழியில்லாத தோல் அதற்குள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, முத்துப்போல் வெள்ளையாக ஓர் உருண்டை வளர்ந்திருக்கலாம். 1838இல் யோஹன்னஸ் முல்லர் அதற்குக் கொலஸ்டியடோமா என்று பெயரிட்டார். அதில் கொலஸ்டிராலும் முக்கியமில்லை, அது புற்றுக்கட்டியும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. புற்று இல்லாவிட்டாலும் எலும்பைத் தின்னும். முதலில் பட்டடையும் அங்கவடியும் போகும். பிறகு முகநரம்பின் கூரை, சமநிலை உறுப்பின் சுவர், மூளைக்கும் காதுக்கும் நடுவிலிருக்கும் மெல்லிய எலும்புத்தட்டு. ஏமாற்றும் சாமர்த்தியமும் உண்டு: அரித்த எலும்புகளின் இடத்தில் தானே பாலமாக நின்று ஒலியைக் கடத்துவதால், சிலருக்குக் கேட்பது அவ்வளவாகக் குறைந்திருக்காது.

காதுச் சீழ் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் முடிவை மருத்துவ வரலாற்றாளர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. சிறையில் இருந்தபோதே அவரது வலது காது பழுதாகியிருந்தது. 1900 அக்டோபரில் பாரிஸில் தங்கியிருந்த விடுதி அறையிலேயே காதில் அறுவை சிகிச்சை நடந்தது. நவம்பர் 30 அன்று மூளையுறை அழற்சியால் 46 வயதில் இறந்தார். காதிலிருந்த நோய்தான் மூளைக்குப் பரவியது என்பது பல மருத்துவர்களின் கருத்து. அவருடைய தந்தை வில்லியம் வைல்ட், டப்ளினில் பேர்பெற்ற காது மருத்துவர். காதுக்குப் பின்னால் சீழை வெளியேற்றப் போடும் கீறலுக்கு அவர் பெயரே வழங்கிவந்தது. மகன் நோயில் விழுந்தபோது தந்தை இறந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆன்டிபயாட்டிக் மருந்து வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

ஓயாமல் வடியும் காதில் சாதாரணக் காதுக் கருவியைச் செருக முடியாது. துவாரமே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும் அது உதவாது. ஸ்வீடனின் கோதன்பர்கில் 1977இல் ஒரு மாற்றுவழி திறந்தது. டைட்டானியம் உலோகம் எலும்போடு ஒன்றிப்போகும் என்று பிரோனமார்க் என்பவர் ஏற்கெனவே கண்டிருந்தார். செயற்கைப் பல் பதிக்க அது பயன்பட்டது. அதே உலோகத்தாலான திருகை ஆண்டர்ஸ் ட்யெல்ஸ்ட்ரோம் காதுக்குப் பின்னெலும்பில் பதித்து, அதில் அதிரும் கருவியைப் பூட்டினார். முனகலைக் காதுக்குக் கொண்டுவந்த அதே எலும்புவழி இப்போது உரையாடலைக் கொண்டுவந்தது.

இப்போது முரசுக்காரருக்குத் திரும்பலாம். வில்லிஸ் சொன்ன பெண்ணுக்கு என்ன நோய் என்று இன்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் அதே அடையாளத்தோடு வருபவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பது ஓட்டோஸ்கிளிரோசிஸ். அங்கவடியைச் சுற்றி எலும்பு புதிதாக வளர்ந்து, அதை வாசலோடு இறுகப் பிடித்துக்கொள்கிறது. துருப்பிடித்த கதவு மாதிரி. குடும்பவழியில் வரும், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், இருபது முப்பது வயதுகளில் தலைகாட்டும். செவிப்பறையைப் பார்த்தால் குறையே தெரியாது.

முரசின் புதிர் இரண்டு பாதியாக அவிழ்கிறது. வெளி இரைச்சல் முழுவதும் இவர்களுக்குக் குறைந்தே கேட்பதால் முரசு இவர்களை அவ்வளவு தொந்தரவு செய்வதில்லை. எதிரில் இருப்பவருக்கோ முரசு காதைப் பிளக்கிறது. தன்னை அறியாமல் குரலை உயர்த்துகிறார். இரைச்சலில் மனிதர்கள் இப்படிக் குரலை ஏற்றுவதைப் பிரான்ஸின் எத்தியேன் லொம்பார் 1911இல் விவரித்தார். ஏறிய குரல் அடைப்பைத் தாண்டி, பழுதில்லாத நத்தைக்கூட்டை அடைந்துவிடுகிறது. பஸ்ஸில், மில்லில், கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்கு நடுவில், இவர்களுக்குப் பேச்சு நன்றாகப் புரியும். இன்னொரு விசித்திரமும் உண்டு. தங்கள் குரல் எலும்பு வழியாகத் தங்களுக்கு உரக்கக் கேட்பதால் இவர்கள் மெல்லத்தான் பேசுவார்கள். நரம்பு பழுதானவர்கள் கத்திப் பேசுவதற்கு நேர் எதிர்.

இறுகிய அங்கவடியை அசைத்துவிட 19ஆம் நூற்றாண்டிலேயே சிலர் முயன்றார்கள். நுண்ணோக்கி இல்லை, கிருமிக்கு மருந்தில்லை. பெரிய மருத்துவர்களே வேண்டாமென்று சொல்லிக் கைவிட்டார்கள். 1952இல் நியூயார்க்கில் சாமுவேல் ரோசன் வேறோர் அறுவை சிகிச்சைக்கு முன்னோட்டமாக, அங்கவடி உண்மையிலேயே இறுகியிருக்கிறதா என்று கருவியால் தொட்டுப் பார்த்தார். அது பட்டென்று விடுபட்டது. மேசையில் படுத்திருந்த நோயாளிக்கு அங்கேயே கேட்கத் தொடங்கியது. ஆனால் அசைத்துவிட்ட எலும்பு பலருக்கு மறுபடி இறுகியது. 1956இல் மெம்ஃபிஸ் நகரின் ஜான் ஷே ஒரு படி மேலே போனார். அங்கவடியையே எடுத்துவிட்டு, வாசலை நோயாளியின் இரத்தக்குழாய்த் துண்டால் மூடி, டெஃப்லானில் செய்த மாற்று அங்கவடியை வைத்தார்.

இன்று அந்த எலும்பின் அடித்தகடு முழுவதையும்கூட எடுப்பதில்லை. லேசராலோ நுண் துளைக்கருவியாலோ அதில் ஒரு துளையிட்டு, 0.6 மில்லிமீட்டர் அளவே விட்டமுள்ள ஒரு பிஸ்டனை இறக்கி, மறுமுனைக் கொக்கியைப் பட்டடையில் மாட்டுகிறார்கள். நூற்றில் ஒருவருக்கு உட்செவி பாதிக்கப்பட்டு அந்தக் காது முழுதும் போய்விடும் அபாயம் உண்டு. அதனால் ஒரு சமயத்தில் ஒரு காதுக்குத்தான் செய்வார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு எலும்புவழிக்கும் காற்றுவழிக்கும் இருந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

பலருக்கு இதை மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். கொக்கியை மாட்டியதும் மருத்துவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து, சாதாரணக் குரலில், "அம்மா, கேக்குதா?" என்கிறார். பச்சைத் துணிக்கு அடியிலிருந்து, "கேக்குது, ஏன் கத்துறீங்க?" என்று பதில் வருகிறது. யாரும் கத்தவில்லை. பிறகு செவிப்பறையை மடித்துப் பழையபடி வைத்து, காது நிறையப் பஞ்சடைக்கிறார்கள். கட்டுப் பிரிக்கும் நாள்வரை அந்தக் காது மறுபடி அடைத்தே இருக்கும். வீடு போகும் வழியில் அவர் முனகிப் பார்த்தால், சத்தம் அந்தப் பக்கமே ஓடும்.